மூலைவிட்டம்

பழுதான வண்டிகளை இழுத்துவரும் டோ வண்டிக்காரன் டிரக்கை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போன அன்று நாகலக்ஷ்மி கணவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலை," என்றான் மகாதேவன்.

எங்கே, எதில், எப்படி என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. அவன் கழுத்தில் இன்னும் டை இருந்தது. இன்டர்வியூ என்ன ஆயிற்று என்றும் கேட்கவேண்டும், டிரக்குக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்கவேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றதும் கூடவே வந்துவிடும் போலிருந்தது. அவள் காபி போடப் போனாள்.

சாப்பிடும்போது அவனே சொன்னான். டவுன்டவுனில் ஒரு பார்க்கிங் கராஜிலிருந்து சுற்றிச் சுற்றி இறங்கும் வழியில் ஒரு கான்கிரீட் தூண்.

"பிரேக் பிடிக்கலையா?"

"பிரேக் நன்னாத்தான் இருக்கு. நான்தான் காலை வெக்கலை." மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான். "என்னமோ யோசிச்சிண்டு வந்தேன்."

ஹூஸ்டனில் அந்த வருடம் எண்ணெய்க் கம்பெனிகள் வரிசையாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. மகாதேவன் பூமியைத் துளைக்கும் கருவிகளை வடிவமைக்கிறவன். குளிர்காலத்தில் அவனுடைய பிரிவையே மூடிவிட்டார்கள். கம்பெனி கொடுத்திருந்த கார் போயிற்று. மிச்சம் இருந்தது இந்தப் பழைய பிக்கப் டிரக். வேலை இருந்த நாளில், சனிக்கிழமைகளில் கழற்றிப் பூட்டி விளையாடுவதற்காக அவன் ஆசைப்பட்டு வாங்கியது. இப்போது நாகலக்ஷ்மி ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போவதே அதில்தான். அங்கே லேபில் ரத்தப் பரிசோதனைகள் செய்வது அவள் வேலை. வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அவளுடையது என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தபோது டிரக்கின் முகம் உள்வாங்கியிருந்தது. பம்பர் நடுவில் குழிந்து, முன்கம்பி வலை பல் உடைந்ததுபோல நின்றது. என்ஜினை மூடும் ஹூட் நடுவில் கூடாரம் மாதிரி மடிந்து எழும்பியிருந்தது. ரேடியேட்டரைத் தாங்கும் இரும்புச் சட்டம் பின்னால் தள்ளப்பட்டு, விசிறி ரேடியேட்டரைக் கடித்திருந்தது.

"இன்ஷூரன்ஸ்ல குடுக்க மாட்டாளா?"

"நாம எடுத்திருக்கறது அடுத்தவா நஷ்டத்துக்கு மட்டும்தான். தூணுக்கு வேணா குடுப்பா," என்றான். பிறகு, "நானே பண்றேன் நாகு. இது ஒண்ணும் பிரம்ம வித்தை இல்லை," என்றான்.

அவளுக்கு அதைக் கேட்டுச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பல மாதங்களாகப் பேப்பரில் வேலை விளம்பரங்களை வட்டமிட்டுக்கொண்டு, போன் அடித்தால் மூன்றாவது மணிவரை காத்திருந்து எடுத்துக்கொண்டிருந்தவன், காலையில் அவளுக்கு முன்னால் எழுந்தான். நகக்கண்ணில் கிரீஸ் படிந்தது. நூலகத்திலிருந்து ரிப்பேர் புத்தகம் கொண்டுவந்தான். உடைந்த வண்டிகள் குவிந்து கிடக்கும் ஜங்க்யார்டில் வெயிலில் அலைந்து ரேடியேட்டர், பம்பர், ஹூட் எல்லாம் தேடிப் பிடித்தான். ஹூட் பச்சை நிறம், டிரக்கோ சிவப்பு. அதுவும் அடுத்த வருடத்து மாடலிலிருந்து கழற்றியது. "அளவு ஒண்ணுதான். கொக்கி மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. அட்ஜஸ்ட் பண்ணிடலாம்," என்றான். சந்தானத்தின் கார் டிக்கியில் அது பாதி வெளியே நீட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

சந்தானம் அவனுக்கு வயதில் இளைய சிநேகிதன், கம்ப்யூட்டர்காரன். அவன் வேலை போகவில்லை. அதற்காக வெட்கப்படுகிறவன் மாதிரி, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் கார் எடுத்துக்கொண்டு வந்தான்.

அந்த நாட்களில் நாகலக்ஷ்மியை லேபில் கூட வேலை செய்யும் தெரஸிட்டா தன் காரில் அழைத்துப்போனாள். மணிலாக்காரி. வழியெல்லாம் தன் மாமியாரைப் பற்றிப் பேசுவாள். எதையும் திருப்பிக் கேட்கமாட்டாள். அது நாகலக்ஷ்மிக்குப் பெரிய சௌகரியமாக இருந்தது.

உள்வாங்கிய சட்டத்தை வெளியே இழுக்க வேண்டும். பாடி ஷாப்பில் அதற்கென்று மெஷின் இருக்கிறது. மகாதேவன் கொல்லையில் இருந்த ஓக் மரத்தைத் தேர்ந்தெடுத்தான். தடித்த சங்கிலியின் ஒரு முனையை மரத்தில் சுற்றி, மறு முனையைச் சட்டத்தில் மாட்டினான். டிரக்கை ரிவர்ஸில் மெதுவாக எடுத்தால் சங்கிலி இறுகிச் சட்டத்தை முன்னால் இழுக்கும். ரேடியேட்டர் இல்லாததால் என்ஜினைக் கொஞ்ச நேரத்துக்குமேல் ஓடவிடக் கூடாது. அவன் முன்னால் நின்று பார்க்க வேண்டும். ஓட்ட ஆள் வேண்டும்.

"நானா?" என்றாள்.

"பின்ன, மரமா ஓட்டும்?"

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஹூட் இல்லாத டிரக்கில் என்ஜின் திறந்து கிடந்தது. அதற்கு அப்பால் அவன் நின்றான். சங்கிலி இறுகுமுன் அவன் விலகி நிற்கிறானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள். கையை உயர்த்தி, உள்ளங்கையால் தள்ளித் தள்ளி, போ போ என்றான். அவள் காலை மெல்ல அழுத்தினாள். சங்கிலி முறுக்கிக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. டிரக் நடுங்கியது. இரும்பு முனகிக்கொண்டு அசைவதை அவள் தொடையில் உணர்ந்தாள்.

"போறும் போறும். நிறுத்து."

இறங்கி வந்து பார்த்தாள். சட்டம் வெளியே வந்திருந்தது. நேராகவும் இருப்பதுபோல்தான் தெரிந்தது.

"கண்ணால பாத்து சொல்லக்கூடாது," என்றான் மகாதேவன். "மூலைக்கு மூலை அளக்கணும். ரெண்டு மூலைவிட்டமும் ஒண்ணா வந்தா சதுரம். வரலைன்னா கோணல். அவ்வளவுதான் ஜியாமெட்ரி."

அப்போதுதான் வீட்டுக்குள் போன் அடித்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. அவளுக்கு அவன் குரல் மட்டும் கேட்டது. "யெஸ், திஸ் இஸ் ஹீ." பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. "நோ, நோ, ஐ அண்டர்ஸ்டாண்ட்." பிறகு, "தேங்க் யூ ஃபார் லெட்டிங் மீ நோ." அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொன்ன பணிவு அவளுக்குத் தாங்கவில்லை. கல்யாணமான புதிதில் அவன் தன் மேலதிகாரியிடம் போனில் சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. இது வேறு யாரோ ஒருவருடைய குரல்.

வெளியே வந்தவன் அளக்கும் டேப்பை எடுத்தான். அவன் என்ஜின் பகுதியின் பின்மூலையில், முன்கண்ணாடிக்குக் கீழே முனையைப் பிடித்துக்கொண்டான். அவள் எதிர்ப்பக்கம் முன்மூலையில் டேப்பை இழுத்துப் பிடித்துப் படித்தாள். எண்ணைச் சொன்னாள். பிறகு இருவரும் பக்கம் மாறிக்கொண்டார்கள்.

இரண்டாவது அளவு ஒத்துவரவில்லை. அரை அங்குலத்துக்கும் மேலே வித்தியாசம். டேப் தளர்ந்திருக்கிறதோ என்று இறுக்கிப் பார்த்தாள். அதேதான்.

நிமிர்ந்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பரீட்சை நம்பரைப் பேப்பரில் வேறொருவர் தேடும்போது அவர் முகத்தையே பார்க்கிறவனைப்போல.

"எவ்வளவு?"

"ஒண்ணுதான்," என்றாள் நாகலக்ஷ்மி. "ரெண்டும் ஒண்ணுதான்."

அவன் சிரித்தான். வாய்விட்டு. எத்தனையோ நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. "பாத்தியா? பாடி ஷாப்காரன் மெஷின்ல பண்றதை நான் மரத்துல பண்ணிட்டேன்," என்று மரத்தைத் தட்டிக்கொடுத்தான்.

அன்றைக்கு அவளும் சிரித்தாள். படுக்கப்போகும்போதுதான் அது நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. லேபில் சந்தேகமான ஒரு எண் வந்தால் அவள் அதை அப்படியே எழுதமாட்டாள். சாம்பிளை மறுபடி ஓட்டுவாள். டாக்டர் அவசரப்படுத்தினாலும் ஓட்டுவாள். ஒரு தசம புள்ளியில் ஒருவன் செத்துப்போகலாம் என்று புதிதாகச் சேரும் பெண்களிடம் அவளே சொல்லியிருக்கிறாள். அந்தக் கையால், அந்தக் கண்ணால், புருஷனுடைய முகத்தைப் பார்த்து ஒரு எண்ணை மாற்றிவிட்டாள். பொய் சொன்னதுகூட இல்லை அவளை உறுத்தியது. எதற்காகச் சொன்னாள் என்பதுதான். அது பாவம் பார்த்துச் சொன்னது. தன்னைவிடப் பலமில்லாத ஒருவரிடம்தான் அப்படிச் சொல்லத் தோன்றும். அந்த நிமிஷத்தில் அவள் அவனை அந்த இடத்தில் வைத்துவிட்டாள். அதை அவனிடம் எப்படிச் சொல்வது? அளவு தப்பு என்று சொன்னால், ஏன் தப்பாகச் சொன்னாய் என்று கேட்பான்.

காலையில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். காலையில் தெரஸிட்டா ஹார்ன் அடித்தாள். மாலையில் வந்தபோது அவன் புது ரேடியேட்டரைப் பொருத்தி முடித்திருந்தான். அடுத்த நாள் முன்சக்கரங்களை மூடும் விளிம்புத் தகடுகள். ஒவ்வொன்றும் ஏறிக்கொள்ள ஏறிக்கொள்ள, கழற்ற வேண்டியதும் கூடிக்கொண்டே போயிற்று. இடது பக்கம் கதவுக்கும் தகடுக்கும் நடுவில் விரல் நுழைந்தது; வலது பக்கம் நகம்கூட நுழையவில்லை. "பழைய வண்டி. ஃபாக்டரிலேர்ந்து வரச்சேயே இப்படித்தான் வந்திருக்கும்," என்றான். அவள் தலையாட்டினாள். டேப்பை அதற்குப் பிறகு அவன் அவள் கையில் கொடுக்கவில்லை. அளக்கிற வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாள்.

ஹூட்டைக் கடைசியில் ஏற்றினார்கள். வெளிப்பக்கம் சிவப்பு அடித்தான். உட்புறம் பச்சையாகவே இருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள்?

தெரஸிட்டாவுக்குத் திங்கட்கிழமையிலிருந்து இரவு ஷிஃப்ட். அதனால் திங்கட்கிழமைக்குள் டிரக் வேண்டும். மகாதேவன் முடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னதாக ஒரு பூஜை போட்டுவிட்டு எடுக்கலாம் என்றான். பூஜையில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. சந்தானத்தையும் அவன் மனைவி ராஜலக்ஷ்மியையும் கூப்பிட்டு, தன் கையால் செய்ததை நாலு பேருக்குக் காட்ட அவனுக்கு வேறு சாக்கு இல்லை. அவளுக்கு அது புரிந்தது.

சனிக்கிழமை அவள் ஈரத்துணியால் டிரக்கைத் துடைத்தாள். ஹூட்டின் முன்விளிம்பில் கை பட்டதும் அது மேலே வந்தது. சரியாக மூடவில்லை போலிருக்கிறது என்று அழுத்தினாள். டிக் என்று சத்தம் வந்தது. விரலால் தூக்கினாள். வந்துவிட்டது. மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை, பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். ஹூட்டிலிருந்து இறங்கும் கொக்கி, சட்டத்தில் இருக்கும் பூட்டின் நடுவில் இறங்காமல் ஓரத்தில் உரசிக்கொண்டு நின்றது. சட்டம் ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தது. எவ்வளவு தள்ளி என்பது அவளுக்குத் தெரியும். பூட்டு விட்டுப்போனாலும் ஹூட்டைப் பிடித்துக்கொள்ள இரண்டாவதாக ஒரு சின்னக் கொக்கி உண்டு. புது ஹூட்டுக்கு அது பொருந்தவில்லை என்று அவன் அதைக் கழற்றி எடுத்திருந்தான்.

"ஏன்னா, இந்த ஹூட்…" என்று ஆரம்பித்தாள்.

"அதுக்கு ஒரு டெக்னிக் இருக்கு." அவன் வந்து ஹூட்டை நன்றாக உயரத் தூக்கி, மேலிருந்து படாரென்று விட்டான். "கொஞ்சம் ஃபோர்ஸ் குடுக்கணும். மெதுவா மூடினா பிடிக்காது. தெரிஞ்சிண்டியோன்னோ?"

"தெரிஞ்சிண்டேன்," என்றாள்.

திங்கட்கிழமை காலை சவுத்வெஸ்ட் ஃப்ரீவேயில், வண்டிகள் நிற்காமல் பறக்கும் நெடுஞ்சாலையில், அவள்தான் இதை ஓட்டிக்கொண்டு போகப்போகிறாள். காற்று உள்ளே புகுந்து ஹூட் எழும்பினால் கண்ணாடியை மறைத்துவிடும். முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது பின்னால் வருகிற லாரிக்காரனுக்குத் தெரியாது. இதையெல்லாம் துணியைப் பிழிந்துகொண்டே நினைத்தாள். சொல்வதற்கு மூன்று வார்த்தை போதும். ஆனால் அந்த மூன்று வார்த்தைக்குப் பின்னால் ஓக் மரத்தடியில் சொன்ன ஒரு வார்த்தை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ராகு காலம். அதுவரை இழுத்துவிட்டால் யாரும் வண்டியை எடுக்கமாட்டார்கள். அது முடிவதற்குள் வந்தவர்களும் கிளம்பிவிடுவார்கள். ஒரு நாள் கிடைத்தால் ஏதாவது யோசிக்கலாம். ராகு காலத்தை அவள் நம்பினதே இல்லை. அம்மா பார்த்துப் பார்த்துச் சொன்னபோதெல்லாம் கேலி செய்திருக்கிறாள். இப்போது ராகுவைத் தவிர அவளுக்கு வேறு துணை இல்லை.

மெது வடையை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்தாள். சட்னியை இரண்டாம் தடவை தாளித்தாள். ராஜலக்ஷ்மி அடுக்களைக்கு வந்து நின்றாள்.

"என்னடி நாகு, கல்யாணச் சமையல் மாதிரி பண்ணிண்டிருக்கே? வண்டிக்கு பூஜையா, உன் வடைக்கா?"

"இதோ ஆச்சு."

"பூசணிக்காய் எங்கேயும் கிடைக்கலைடி. ஹனிட்யூ முலாம்பழம் வாங்கிண்டு வந்திருக்கேன். திருஷ்டி கழிக்க அது போறுமோன்னோ?"

"அமெரிக்காக்காரா கண்ணுக்கு அமெரிக்கா பழம் போறும்," என்றான் சந்தானம் ஹாலிலிருந்து. "இவர் பண்ணின வேலையைப் பாத்தா எனக்கே கண்ணு படறது மன்னி. கம்பெனிக்காரன் பாத்தான்னா திரும்பக் கூப்பிட்டுப்பான்."

மகாதேவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் கதவிடுக்கில் பார்த்தாள்.

ஒருவழியாக வெளியே வந்து, ஹூட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களை வைத்தபோது அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அடடா. நாலரை ஆயிடுத்து. ராகு காலம் வந்துடுத்தே," என்றாள். "இன்னொரு நாள் எடுத்துக்கலாமா?"

ராஜலக்ஷ்மி உடனே மார்பில் கை வைத்தாள். "ஐயோ, ஆமாம். இப்ப எடுக்கக்கூடாதுடி."

"எந்த ஊர் ராகு காலம்?" என்றான் சந்தானம்.

"என்னன்னா கேக்கறேள்? ராகு காலம்னா ராகு காலம்தான்."

"இல்லை ராஜி, அது மெட்ராஸ் கணக்கு. ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம்னு வெச்சிண்டு போட்டது. ஞாயித்துக்கிழமைன்னா பகலை எட்டாப் பிரிச்சு அதுல கடைசி பங்கு. இங்க சூரியன் மறையவே எட்டு மணிக்கு மேல ஆறது. அதுலயும் டேலைட் சேவிங்னு கடியாரத்தையே தள்ளி வெச்சிருக்கான். ராகுவுக்கு இவன் கடியாரமெல்லாம் தெரியுமா? ஆறரைக்கு மேலதான் வருவார். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு."

"அப்ப இத்தனை வருஷமா நான் பாத்துண்டு வந்ததெல்லாம்?"

"தப்பு," என்றான் சந்தானம் சந்தோஷமாக. "எல்லாம் நல்ல நேரத்தையே வேஸ்ட் பண்ணிருக்கே."

எல்லாரும் சிரித்தார்கள். நாகலக்ஷ்மியும் சிரிக்க வேண்டியிருந்தது.

மகாதேவன் சாவியை அவள் கையில் வைத்தான். "நீதான் ஃபர்ஸ்ட். நாளைலேர்ந்து உன் வண்டிதானே."

அவள் ஏறி உட்கார்ந்தாள். "நானும் வரேன்டி," என்று ராஜலக்ஷ்மி புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுபக்கம் ஏறத் தொடங்கினாள். அவளுடைய கனத்துக்கு டிரக் சாய்ந்தது. ராஜலக்ஷ்மிக்கு ஒன்றும் தெரியாது. அவள் காரில் ஏறினால் பேசிக்கொண்டே வருவாள், எதிரே பார்க்கக்கூட மாட்டாள்.

நாகலக்ஷ்மி சாவியைத் திருப்பாமல் இறங்கினாள்.

"எனக்கு தலை சுத்தறது," என்றாள். "நீங்க இறங்குங்கோ மாமி. இன்னிக்கு வேண்டாம்."

தன்னைவிட இரண்டு வயதே பெரியவளை மாமி என்று கூப்பிட்டதை அவள் கவனிக்கவில்லை. ராஜலக்ஷ்மி கவனித்தாள், புடவையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மகாதேவன் அவளைப் பார்த்தான். என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்காதது அவளுக்கு விசித்திரமாக இருந்தது.

"சரி. நான் ஓட்டறேன்," என்றான். "ஃப்ரீவேல ஒரு ரவுண்டு போயிட்டு வரேன். செஞ்சவன்தானே டெஸ்ட் பண்ணணும்."

"ஃப்ரீவே எதுக்கு? தெருவோட—"

"தெருவுல என்ன தெரியும்?"

அவன் என்ஜினைக் கிளப்பினான். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அவள் ஓடிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். தலை சுற்றுகிறவள் எதற்கு வருகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. "நாங்களும் பின்னாடியே வரோம். ஊர்வலமா போகலாம்," என்று சந்தானம் கத்தினான். ராஜலக்ஷ்மி கையில் உடைக்காத ஹனிட்யூவோடு காரில் ஏறுவது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

ஃப்ரீவேக்குத் திரும்பும் இடத்தில் சிக்னல் மாறியது. அவர்கள் தாண்டிவிட்டார்கள், சந்தானத்தின் கார் நின்றுவிட்டது. மகாதேவன் மேலே ஏறும் பாதையில் வேகத்தைக் கூட்டினான். ஹூட்டின் முன்விளிம்பு நடுங்கத் தொடங்கியது. முதலில் காய்ச்சல்காரன் உதடு மாதிரி. பிறகு நன்றாகத் தெரியும்படி. சந்தனப் பொட்டு மேலே எழும்பி எழும்பி இறங்கியது.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் ரோட்டைப் பார்க்கவில்லை. அந்தப் பொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெதுவா போங்கோ."

"ஐம்பத்தஞ்சு மைல்தான் போறேன்."

"ஏன்னா, நான் ஒண்ணு சொல்லணும்—"

எதிரே எல்லாம் சிவப்பாகிவிட்டது. மோதிய சத்தம் பிறகுதான் கேட்டதுபோல் இருந்தது. ஹூட் முழுதாகப் பின்னால் மடிந்து கண்ணாடியில் அறைந்து, கூரையைப் பிடித்துக்கொண்டது. வானம் இல்லை, ரோடு இல்லை, முன்னால் போன கார் இல்லை. அவன் பிரேக்கை அழுத்தினான். பின்னால் ஹார்ன் நீளமாக அலறியது.

அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். காற்று கண்ணை அடித்தது. "ரைட்ல வாங்கோ. இன்னும். இன்னும் ரைட்ல. ஒரு கார் வரது, நில்லுங்கோ, போகட்டும். இப்ப." அவன் அவள் குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினான். சரளைக்கல் சக்கரத்தடியில் நொறுங்கும் சத்தம் கேட்டது. "போறும். நிறுத்துங்கோ."

என்ஜினை அணைத்தான். பக்கத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. ஒவ்வொன்றும் போகும்போது டிரக் ஆடியது. உள்ளே மங்கலாக, சிவப்பாக இருந்தது. அவன் தன் கையால் அடித்த புதுப் பெயின்ட்.

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டோம் என்று தோன்றியது.

"அன்னிக்கு அளந்தது," என்றாள். "ரெண்டும் ஒண்ணு இல்லை."

"தெரியும்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அடுத்த நாளே தெரியும். நீ வேலைக்குப் போனப்பறம் நானே அளந்தேன். டேப்போட ஒரு முனையை கிளாம்ப் போட்டு மாட்டிட்டு." அவன் ஸ்டீயரிங்கை விடாமல் பேசினான். "நான் இன்ஜினீயர் நாகு. ஒருத்தர் சொன்ன அளவை வெச்சிண்டு மேல வேலை பண்ணுவேனா?"

"அப்ப ஏன் மறுபடி இழுக்கலை? சங்கிலி அங்கேயே கிடந்துதே. சொல்லிருந்தா நான் வந்து ரிவர்ஸ் போட்டிருப்பேனே."

"உன்னைக் கூப்பிடணுமே," என்றான். "கூப்பிட்டா நீ அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னேன்னு ஆயிடும். அது எனக்குத் தெரியும்னு உனக்குத் தெரிஞ்சுபோயிடும். அதுக்கு இப்படியே இருக்கட்டும்னு தோணித்து. கொக்கியை வளைச்சு எப்படியாவது பிடிக்க வெச்சுடலாம்னு பாத்தேன்."

அவள் மனதில் வேறொன்று மெதுவாக எழும்பியது. கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு நான்தானே இதை ஓட்டிண்டு போயிருப்பேன்?"

அவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தான். அவன் சாவியை அவள் கையில் வைத்ததை இருவரும் ஒரே சமயத்தில் நினைத்திருக்க வேண்டும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்ல அவள் வாயெடுத்தாள். அப்போதுதான் தன் பக்கமும் தெரிந்தது. அவன் தனியாகப் போகக் கிளம்பியபோது அவள் என்ன செய்தாள்? ஹூட் பிடிக்காது என்று கத்தினாளா? கூட ஏறி உட்கார்ந்தாள். அதைப் பிரியம் என்று சொல்லிக்கொள்ளலாம். பேசுவதைவிட அது சுலபமாக இருந்தது என்பதும் உண்மைதான். இருவரும் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல் பார்த்துக்கொள்வதில் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டாள். எல்லாம் வெளியே வந்துவிட்டது. வந்தும் ஒன்றும் மாறவில்லை. நாளைக்கு வேலைக்குப் போக வழி இல்லை. அவனுக்கு வேலை இல்லை. பேசிவிட்டால் லேசாகிவிடும் என்று இத்தனை நாள் எப்படி நம்பினாள்?

"சந்தானம் வந்துடுவான்," என்றான் மகாதேவன்.

கதவைத் திறந்து இறங்கி முன்னால் போனான். அவள் தன் பக்கம் இறங்கினாள். ஹூட் தன் பச்சை உட்புறத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கூரையில் பதிந்து, கீல்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. அவன் எம்பி அதன் விளிம்பைப் பிடித்து இழுத்தான். கிறீச்சென்று கொஞ்சம் இறங்கியது. தொங்கினாற்போல இழுத்ததும் முன்னால் வந்து விழுந்தது. மூடவில்லை, முழ உயரத்துக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது. அவன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினான். இறங்கியது. கையை எடுத்தான். எழும்பியது.

வெயிலில் தகடு கொதித்தது. அவன் உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு மறுபடி அழுத்தினான். நெற்றியெல்லாம் வேர்வை. ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் எழும்பியது.

"விடுங்கோ. அவாளுக்குத் தெரிஞ்சா என்ன?"

அவன் விடவில்லை. அவள் சொன்னது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. சந்தனம் அவன் முழங்கையில் அப்பியிருந்தது. இன்னும் சற்று நேரத்தில் ஒருவர் வந்து பார்க்கப்போகிறார், அதற்குள் இதை மூடிவிட வேண்டும் என்பதைத் தவிர அவனிடம் அப்போது வேறு ஒன்றுமே இல்லை. அவனை அங்கிருந்து நகர்த்த தன்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் மறுபக்கம் போய் நின்றாள். தலைப்பின்மேல் கையை வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள். ஹூட் இருபக்கமும் இறங்கி, தன் இடத்துக்கு வந்து நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் மூடியிருக்கிறது என்றே நினைப்பார்கள்.

பின்னால் ஒரு கார் வேகம் குறைந்து, விளக்கை விட்டு விட்டு எரியவிட்டு, சரளையில் ஏறியது.

"கையை எடுக்காதே," என்றான்.

"எடுக்கலை," என்றாள்.